பானைக் கூட்டை மரப்பெட்டிக்கு மாற்றினால் தேனீ ஓடிவிடுகிறது. எங்கே தப்பு?

கேள்வி: தோப்புக்காரன்

குமரி மாவட்டம் விளவங்கோடு பக்கம் 80 சென்ட் நிலம். தென்னை, ஊடுபயிராக மட்டி வாழை, வேலியோரம் பலா, ஒரு புளி. மேற்கு எல்லையைத் தாண்டினால் பெரிய ரப்பர்த் தோட்டம்.

தொழுவத்தை ஒட்டி இரண்டு மண்பானைகளில் அடுக்குத் தேனீ (நம் நாட்டுத் தேனீ) இருக்கிறது. பழைய வழக்கம்தான்: பானையின் உள்ளே மெழுகு தடவி, வாயைப் பலகையால் மூடி, ஈ போய்வர ஒரு துளை. வருஷத்துக்கு ஒருமுறை ராத்திரியில் சூட்டு (எரியும் ஓலைக்கட்டு) காட்டி அடையை மொத்தமாக அறுத்துப் பிழிவது. பானைக்கு இரண்டு கிலோ கிடைத்தால் அதிகம். அந்தத் தேனும் ஒரு மாதத்தில் நுரைத்துப் புளித்துவிடுகிறது.

போன ஆடியில் ஒரு பெட்டி வாங்கி ஒரு பானையை மாற்றிப் பார்த்ததில் நாலாம் நாள் பெட்டி காலி. இப்போது ஐப்பசி. மிச்சமுள்ள இரண்டையும் இந்தத் தடவை ஒழுங்காக மாற்ற வேண்டும்.

கேட்க வேண்டியவை: எப்போது, எப்படி மாற்றுவது? பெட்டி அளவில் கவனிக்க வேண்டியது என்ன? ரப்பர்த் தேன் எப்போது, எவ்வளவு கிடைக்கும்? பேசாமல் இத்தாலியத் தேனீயே வாங்கிவிடலாமா?

பதில் 1: அடைகாவலன்

ஆடியில் மாற்றியதுதான் முதல் தப்பு. குமரி மாவட்டத்தில் ஆனி முதல் புரட்டாசி வரை ஈக்குப் பஞ்ச காலம். பூவில் தேன் கிடையாது, மழையில் வெளியே போகவும் முடியாது. அந்த நேரத்தில் வீட்டைக் கலைத்தால் அது ஏன் இருக்கப்போகிறது? ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் தொடர்ந்து அடிக்கும்போது மாற்றுங்கள். வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால் காலில் மஞ்சள் உருண்டை கட்டிக்கொண்டு ஈக்கள் உள்ளே போக வேண்டும். மகரந்தம் வருகிறது என்றால் உள்ளே குஞ்சு வளர்கிறது. குஞ்சு இருக்கும் கூட்டம் லேசில் வீட்டை விடாது.

நேரம் மாலை நாலரை. ராத்திரி வேண்டாம், சூட்டும் வேண்டாம். நெருப்பில் பாதி ஈ செத்துவிடும், ராணி எங்கே விழுந்தது என்றும் தெரியாது. தேங்காய் நாரைப் புகைப்பானில் வைத்து, வாசலில் நாலைந்து தடவை மெல்ல ஊதினால் போதும். புகை கையில் பட்டால் சுடக் கூடாது, அதுதான் அளவு.

தேவையானவை: அறுக்க மெல்லிய கத்தி, ஒரு அகலப் பலகை, தண்ணீரில் நனைத்த வாழைநார், மூடியுள்ள பாத்திரம், ஒரு வாளித் தண்ணீர், கோழி இறகு. பானை வாய் குறுகலாக இருந்தால் பானையைப் பார்த்து இரக்கப்படாமல் உடைத்துவிடுங்கள். ஓங்கி அடிக்கக் கூடாது. சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி விரிசல் விட்டு, ஓடு ஓடாகக் கழற்ற வேண்டும். அடைகள் மேல்பக்கத்து ஓட்டில் ஒட்டித் தொங்கும். அந்த ஓட்டைக் கடைசிவரை தொடாதீர்கள்.

வெளி ஓரத்து அடையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அறுங்கள். அடையின் மேல்பாகத்தில் தேன், அதன் கீழே ஒரு பட்டையாக மகரந்தம், அதற்கும் கீழே முட்டையும் புழுவும் மூடிய கூட்டுப்புழுவும் இருக்கும். தேன் பாகத்தை வெட்டிப் பாத்திரத்தில் போட்டு உடனே மூடிவிடுங்கள். புழு உள்ள பாகத்தைப் பலகையில் கிடத்தி, மேலே பெட்டிக்குள் தொங்கும் மரச்சட்டத்தை வைத்து, உள்ளளவுக்கு வெட்டிச் சட்டத்துக்குள் பொருத்தி, இரண்டு இடத்தில் வாழைநாரால் கட்டுங்கள். அடையின் மேல்பக்கம் சட்டத்தின் மேல்கட்டையை முட்டிக்கொண்டு இருக்க வேண்டும். தலைகீழாகப் போகக் கூடாது, ஏனென்றால் அறைகள் வாய்ப்பக்கம் லேசாக மேல்நோக்கிச் சரிந்திருக்கும். பிளாஸ்டிக் கயிறு கூடவே கூடாது. வாழைநாரை ஈக்களே நாலைந்து நாளில் கடித்துத் துண்டு துண்டாக வெளியே தள்ளிவிடும், அதற்குள் அடையை மெழுகால் ஒட்டியும் விடும்.

ஒரு பானைக்கு மூன்று, மிஞ்சினால் நாலு சட்டம் புழு அடை வரும். அவற்றை நடுவில் சேர்த்து வையுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெறும் சட்டம், அதற்கப்புறம் மிச்ச இடத்தை மறைக்கத் தடுப்புப் பலகை. தேன் நிறைந்த அடையை "ஈக்குச் சாப்பாடு ஆகட்டும்" என்று கட்டி வைக்கிறவர்கள் நிறையப் பேர். இரக்கம் நல்லதுதான், ஆனால் பாரம் தாங்காமல் ராத்திரியில் அது அறுந்து விழும், தேன் ஒழுகும், எறும்பு வரும், விடிவதற்குள் கூட்டம் கிளம்பிவிடும். உங்கள் நாலாம் நாள் கதைக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ராணியைத் தேடும்போது நீளமான, கறுத்த வயிற்றைப் பாருங்கள். கிடைத்தால் ராணிக் கூண்டில் போட்டு நடுச் சட்டத்தில் தொங்கவிடலாம். கிடைக்காவிட்டால் பதற வேண்டாம். மிச்ச ஈக்களை இறகால் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வாசலைப் பாருங்கள். ராணி உள்ளே இருந்தால் ஈக்கள் வாசலில் தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, இறக்கையை அடித்து மணம் பரப்பும். வெளியே உள்ளவை வரிசையாக உள்ளே நடக்கும். வெளியே ஒரு கிளையில் கூடிக் குவிந்தால் ராணி அங்கே இருக்கிறது.

பானை எங்கே இருந்ததோ அதே இடம், அதே உயரம், அதே திசையில் வாசல். வாசலில் ராணித் தடுப்பு (ஈ நுழையும், ராணி நுழைய முடியாத இடுக்குத் தகடு) ஐந்து நாள். முதல் நாள் ராத்திரியே பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு. மூன்று நாள் பெட்டியைத் திறக்கவே கூடாது. ஆசையில் தினமும் திறந்து பார்ப்பதும் ஓடுவதற்கு ஒரு காரணம்.

பதில் 2: சட்டமும்கட்டையும்

மேலே சொன்னதில் ஒன்று திருத்தம். ராணித் தடுப்பு வைத்துவிட்டால் கூட்டம் ஓடாது என்று நினைக்க வேண்டாம். ராணியால் வெளியே வர முடியாது, அவ்வளவுதான். உள்ளே எறும்போ, வெயிலோ, பட்டினியோ இருந்தால் ஈக்கள் ராணியை விட்டுவிட்டே போகும் அல்லது வாசலில் குமைந்து சாகும். இன்னொன்று, இத்தாலியத் தேனீக்குச் செய்த தடுப்பை வாங்கிவிடாதீர்கள். நம் ராணி உடம்பு ஒல்லி, அந்த இடுக்கு வழியாகச் சாதாரணமாக வெளியே வந்துவிடும்.

பெட்டிக்கு வருகிறேன். நம் ஊரில் புழக்கத்தில் இருப்பது நியூட்டன் பெட்டி. 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பு கற்றுக்கொடுத்த நியூட்டன் பாதிரியார் அடுக்குத் தேனீயின் உடம்பளவுக்கு ஏற்ப அமைத்தது. பெட்டியின் கீழ்த்தட்டான புழு அறையில் ஏழு சட்டம். சட்டத்தின் உள்ளளவு 20.6 க்கு 14.4 சென்டிமீட்டர். மேலே வரும் தேன் அறைச் சட்டம் அதே நீளம், உயரம் மட்டும் 6.2. கடையில் வாங்கும்போது டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். ஒரே ஆசாரி செய்த பெட்டியிலேயே சட்டம் மாறிப் போட முடியாத கொடுமை உண்டு. எல்லாப் பெட்டியும் ஒரே அளவாக இருந்தால்தான் பின்னால் ஒன்றின் சட்டத்தை இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும்.

முக்கியமானது இடைவெளி. சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே, மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே 7 முதல் 9 மில்லிமீட்டர். இதைவிட அதிகமானால் அந்தச் சந்தில் குறுக்கு அடை கட்டும்; சட்டத்தைத் தூக்கினால் புழுவெல்லாம் கிழியும். குறைந்தால் ஈ நசுங்கும். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடு வரை 31, 32 மில்லிமீட்டர். இத்தாலியப் பெட்டியில் இது 35. அந்த அளவில் செய்த சட்டத்தில் நம் ஈயை விட்டால் இரண்டு சட்டத்தைச் சேர்த்துக் கோணலாக அடை கட்டி வைக்கும். சட்டத்தில் பொருத்தும், அறை அச்சடித்த மெழுகுத் தாளும் இதே கதைதான். இத்தாலியத் தாளில் அறை பெரிது. அதில் நம் ஈ ஆண் ஈ அறையாகக் கட்டித் தள்ளிவிடும். நம் ஈக்கென்று அச்சடித்த தாள் கிடைக்காவிட்டால் தாளே வேண்டாம். மேல்கட்டையின் அடியில் ஒரு விரல் அகல மெழுகுப் பட்டை ஒட்டினாலே நேராகக் கட்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இத்தாலியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து பெட்டி விரிசலை எல்லாம் அடைத்துக்கொள்ளும். அடுக்குத் தேனீ பிசின் சேர்க்காது. அதனால் மூட்டு திறந்திருந்தால் திறந்ததுதான். காற்றும் மெழுகு தின்னும் அந்துப்பூச்சியும் தாராளமாக உள்ளே போகும். மூட்டுகளை ஆசாரிதான் ஒழுங்காகச் சேர்க்க வேண்டும்.

மரம் நன்கு காய்ந்த அயினி, தேக்கு, பலா. பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் மலிவாகச் செய்து தருவார்கள், ஒரே மழைக்காலத்தில் உளுத்து மாவு கொட்டும். வெளியே வெள்ளைப் பெயிண்ட், உள்ளே எதுவும் அடிக்கக் கூடாது. புதுப்பெட்டியை இரண்டு வாரம் வெயிலிலும் மழையிலும் போட்டு வாசனை போக்கி, உட்சுவரில் பழைய அடை மெழுகை உருக்கித் தேய்த்து வையுங்கள். புது மர வாசனையும் புதுப் பெயிண்ட் வாசனையும் ஈக்குப் பிடிக்காது.

தாங்கி தரையிலிருந்து இரண்டடி உயரம், நாலு கால் என்றால் நாலு கிண்ணத்திலும் தண்ணீர். தென்னை ஓலை நிழல் போதும். தேங்காய் விழும் இடமாக மட்டும் இருக்கக் கூடாது, சொல்ல வேண்டியதில்லைதான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

தோப்புக்காரன்

ரொம்ப உபயோகம் அண்ணே, இருவருக்கும் நன்றி. போன தடவை தேன் அடையையும் சேர்த்துத்தான் கட்டினேன். எறும்பும் வந்தது. தாங்கியில் கிண்ணம் வைத்திருந்தும் எப்படி வந்தது என்றுதான் புரியவில்லை.

பாகு அளவு, ரப்பர், இத்தாலியத் தேனீ பற்றி யாராவது சொல்லுங்கள்.

பதில் 3: அடைகாவலன்

கிண்ணத்துக்கு மேலே எங்காவது ஒரு புல் நுனியோ வாழையிலையோ பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும். எறும்புக்கு அந்த ஒரு பாலம் போதும். சருகு விழுந்து கிண்ணத்தில் மிதந்தாலும் அதேதான். வாரம் ஒருமுறை கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் மாற்றினால் கொசுவும் வராது. பாகு கொடுக்கும்போது ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

பாகு: 200 கிராம் வெள்ளைச் சர்க்கரைக்கு 200 மில்லி தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கிச் சர்க்கரையைக் கரைத்து ஆறவிடுங்கள். சர்க்கரையோடு சேர்த்து அடுப்பில் காய்ச்ச வேண்டாம். கருப்பட்டி, வெல்லம் இரண்டும் ஆகாது. ஈக்கு வயிற்றுப்போக்கு வந்து பெட்டி முகப்பெல்லாம் கறை படியும். சிரட்டையில் ஊற்றி, ஈ முங்காமல் நிற்க நாலு ஈர்க்கில் துண்டு மிதக்கவிட்டு, தடுப்புப் பலகைக்கு வெளிப்பக்கம் வைத்தால் போதும். பொழுது சாய்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் மற்றது கொள்ளையடிக்க வரும். மாற்றிய முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இதில் பாதி அளவு. பஞ்ச காலத்தில் வாரம் ஒரு தடவை முழு அளவு.

தேன் அறை வைத்த நாளிலிருந்து ஒரு கரண்டிப் பாகுகூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது நேராக மேலே ஏறித் தேன் என்று உட்கார்ந்துகொள்ளும். வாங்குபவர் ஆய்வகத்துக்கு அனுப்பினால் கரும்புச் சர்க்கரை என்று அங்கே தெரிந்துவிடும்.

பதில் 4: கொழுந்துகாலம்

ரப்பர் பற்றி நான் சொல்கிறேன். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மார்கழியில் இலை கொட்டி, தையில் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். கொழுந்து விரிந்து இளம்பச்சையாக மாறும்போது ஒரு இலையைப் பறித்துப் பாருங்கள். மூன்று சிற்றிலைகள் ஒரே காம்பில் வந்து சேரும் இடத்தில் ஊசிமுனை அளவில் மினுமினுப்பாக ஒரு துளி நிற்கும். நாக்கில் வைத்தால் இனிக்கும். அதுதான் ரப்பர்த் தேன். இலை முற்றிக் கரும்பச்சையானதும் சுரப்பு நின்றுபோகும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை என்று வைத்துக்கொள்ளலாம். கொழுந்து நேரத்தில் மூடுபனியும் தூறலுமாக இருந்தால் சாம்பல் நோய் விழுந்து பிஞ்சு இலை உதிரும், துளியும் மழையில் கழுவிப் போகும். அந்த வருஷம் தேன் பாதிதான்.

இலையிலிருந்து வருவதால் இதில் மகரந்தம் கிடையாது. பெரிய ரப்பர்த் தோட்டத்தின் நட்டநடுவில் பெட்டி வைத்தவர்களுக்குத் தேன் கொட்டும், ஆனால் குஞ்சு வளர்க்கப் புரதம் இல்லாமல் கூட்டம் சித்திரையில் இளைத்துப்போய் நிற்கும். உங்கள் இடத்துக்கு அந்தக் கவலை இல்லை. தென்னம்பாளை வருஷம் முழுக்க மகரந்தம் தரும். அடுக்குத் தேனீ ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தாராளமாகப் போய்வரும். ஆக ரப்பர் எல்லையிலேயே பெட்டியைத் தாங்கி போட்டு வைக்க வேண்டிய அவசியமில்லை, தோப்புக்குள்ளேயே இருக்கட்டும். பக்கத்துத் தோட்டத்தில் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடிக்கும் நாளை மட்டும் முன்னாடியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலையில் வாசலை மூடி, ஈரச்சாக்கு போட்டு நிழலில் வையுங்கள். மூடும்போது காற்று போக வலை வைத்து மூட வேண்டும், இல்லையென்றால் கந்தகத்துக்குப் பதில் புழுக்கமே கொன்றுவிடும்.

அளவு: நல்ல கூட்டமாக இருந்து, பருவமும் ஒத்துழைத்தால் பெட்டிக்கு 8 முதல் 12 கிலோ எதிர்பார்க்கலாம். முதல் வருஷம் அதில் பாதி வந்தாலே சந்தோஷப்படுங்கள். அந்த அளவு வருமா வராதா என்பது மாசியில் அல்ல, மார்கழியிலேயே முடிவாகிவிடும். முட்டை வைத்துப் பதினெட்டு, இருபது நாளில் ஈ வெளியே வரும். அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரம் வீட்டு வேலை, பிறகுதான் காட்டுக்குப் போகும். மாசி முதல் வாரத்தில் இரை தேடும் ஈ வேண்டுமென்றால் மார்கழியில் ராணி மும்முரமாக முட்டை வைத்திருக்க வேண்டும். கொழுந்து பார்த்த பிறகு பாகு கொடுத்துக் கூட்டத்தைப் பெருக்க ஓடுபவர்கள், ஈ பெருகி வரும்போது இலை முற்றியிருப்பதைப் பார்ப்பார்கள்.

தேன் அறையை எப்போது வைப்பது? ஏழு சட்டத்திலும் இரண்டு பக்கமும் ஈ மூடியிருக்க வேண்டும், மேல்கட்டையை ஒட்டிப் புது வெள்ளை மெழுகு தெரிய வேண்டும். அதற்கு முன்னால் வைத்தால் வெற்றிடம் கூடிச் சூடு குறையும், அந்துப்பூச்சிக்கு இடம் கொடுத்ததாகும். தாமதித்தால் புழு அறையிலேயே தேனை நிரப்பி ராணிக்கு முட்டை வைக்க இடமில்லாமல் போய், குடி பிரிந்துவிடும்.

பதில் 5: சட்டமும்கட்டையும்

குடி பிரிவதைத் தொட்டதால் சொல்கிறேன். தை, மாசியில் வாரம் ஒருமுறை புழு அறைச் சட்டங்களின் கீழ்விளிம்பைப் பாருங்கள். நிலக்கடலைத் தோடு மாதிரி தலைகீழாகத் தொங்குவது ராணி அறை. ஆண் ஈ அறை மூடியில் நடுவே ஊசித்துளை இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். கூட்டம் பெருக்க ஆசை இருந்தால் மார்கழியில் நீங்களே பிரித்துவிடுங்கள்: மூடிய ராணி அறை ஒன்று உள்ள சட்டத்தோடு மூன்று புழுச் சட்டம், ஈயோடு புதுப்பெட்டிக்கு. பழைய ராணி பழைய பெட்டியில். தேன் வேண்டுமென்றால் பிரிக்காமல் ராணி அறைகளை ஒன்றுவிடாமல் கிள்ளிவிடுங்கள். இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு ஒரே பருவத்தில் நாலு பெட்டியும் இருபது கிலோ தேனும் வேண்டும் என்றால் இரண்டும் கிடைக்காது.

புது ராணி பிறந்து, வெளியே போய் இணை சேர்ந்து வந்து முட்டை வைக்க இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் தொட்டுப் பார்க்காதீர்கள். மூன்றாம் வாரம் திறக்கும்போது ஒரு அறைக்கு ஒரு முட்டை, அடி நடுவில் நின்றால் சரி. ஒரே அறையில் மூன்று, நாலு முட்டை கோணல்மாணலாக ஒட்டியிருந்தால் ராணி இல்லை, வேலைக்காரி ஈக்கள் முட்டை போடுகின்றன, அத்தனையும் ஆண் ஈயாகத்தான் பிறக்கும். அடுக்குத் தேனீயில் இது வெகு சீக்கிரம் வரும். அதைத் திருத்த மெனக்கெடாமல், நடுவில் ஊசியால் துளையிட்ட செய்தித்தாள் ஒன்றை வைத்து ராணி உள்ள பலமான பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். தாளைக் கடித்து முடிப்பதற்குள் இரண்டு கூட்டத்து வாசனையும் ஒன்றாகிவிடும்.

பதில் 6: மலைச்சாரல்

தேன் ஏன் புளிக்கிறது என்று யாரும் தொடவில்லை. பானை அடையை மொத்தமாகப் பிழியும்போது புழுச்சாறும் மகரந்தமும் சேர்ந்து வருகிறது. மூடாத அறைத் தேனில் தண்ணீர் அதிகம். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேனில் இயல்பாகவே இருக்கும் நுண்ணிய ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும், நுரை அதனால்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி விற்கிற தேனுக்கும் அந்த 20 தான் எல்லை.

பெட்டியில் தேன் அறைச் சட்டத்தை மட்டும் எடுங்கள். அறைகளில் முக்கால்வாசி வெள்ளை மெழுகால் மூடியிருக்க வேண்டும். மூடாத இடத்தைச் சோதிக்கச் சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள்; துளி சிதறினால் இன்னும் நாலு நாள் போகட்டும். கத்தியைக் கொதிநீரில் முக்கித் துடைத்து மூடியைச் சீவி, தேன் எடுக்கும் இயந்திரத்தில் எதிரெதிராகச் சம எடையில் சட்டங்களை வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். பாதி வந்ததும் திருப்பிப் போட்டு முழுக்க எடுத்து, மறுபடி முதல் பக்கம். எடுத்த உடனே வேகமாகச் சுற்றினால் அந்த மெல்லிய அடை கிழிந்து வலையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு அடை கட்ட ஈ எவ்வளவோ தேனைச் செலவழிக்கிறது. காலி அடையைத் திருப்பிக் கொடுப்பதில்தான் பெட்டியின் லாபமே இருக்கிறது. பானையில் ஒவ்வொரு வருஷமும் அடிப்படையிலிருந்து கட்ட வேண்டும். சுரப்பு நேரத்தில் எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம். கடைசிச் சுற்றை எடுக்காமல் ஈக்கே விட்டுவிடுங்கள், ஆனி மாதச் சர்க்கரைச் செலவு குறையும்.

ரப்பர்த் தேன் சில மாதத்தில் அடியில் வெள்ளையாக உறையும். குளுக்கோஸ் அதிகம் என்பதால் அதன் இயல்பு அது. சர்க்கரை கலந்தது என்று வாங்கியவர் சண்டைக்கு வருவார். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, நாய் நக்குமா என்பது எல்லாமே வெறும் வேடிக்கை. கெட்டியான பாகு இத்தனையிலும் தேறிவிடும். உறைந்த பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் இளகிவிடும். ஈரம் அதிகமாகிவிட்ட தேனை நேரடியாக அடுப்பில் ஏற்றாமல், பெரிய பாத்திரத் தண்ணீருக்குள் சின்னப் பாத்திரமாக வைத்து 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து வடிகட்டினால் ஈஸ்ட் செத்துவிடும். அதற்குமேல் சூடு ஏற்றினால் நிறமும் மணமும் போகும். தகர டின்னில் ஊற்ற வேண்டாம், தேன் புளிப்புத்தன்மை உடையது. கண்ணாடி அல்லது எவர்சில்வர்.

பதில் 7: கொழுந்துகாலம்

இத்தாலியத் தேனீ கேள்விக்கு: வேண்டாம். தேன் மூன்று மடங்கு தரும் என்பது உண்மை, ஆனால் ரப்பர் முடிந்ததும் லாரியில் ஏற்றி அடுத்த பூ இருக்கும் ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் அது. 80 சென்ட்டில் நிறுத்தி வைத்தால் பஞ்ச காலச் சர்க்கரை தேன் வருமானத்தைத் தின்றுவிடும். வரோவா உண்ணியும் அதற்குத்தான் பெரிய தொல்லை. நம் ஈயில் அது ஆண் ஈப் புழுவோடு நின்றுகொள்ளும், ஈக்களும் ஒன்றையொன்று சுத்தம் செய்து உதிர்த்துவிடும்.

நம் ஈக்கு எமன் வேறு. 1991, 92இல் குமரி மாவட்டத்துப் பெட்டிகளை வரிசையாகக் காலி செய்த, புழுவைத் தாக்கும் 'தாய் சாக்புரூட்' (Thai sacbrood) வைரஸ். மூடிய அறைகளில் ஆங்காங்கே ஓட்டை, உள்ளே புழு மல்லாந்து தலையைத் தோணி மாதிரி மேலே தூக்கிக் கிடக்கும், இடுக்கியால் எடுத்தால் தண்ணீர்ப் பை போல முழுசாக வரும். நாற்றம் இருக்காது. புளிச்ச நாற்றத்தோடு புழு கரைந்திருந்தால் அது வேறு நோய், பாக்டீரியா. இந்த வைரஸுக்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் கரைத்துக் கொடுக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். நோய் போகாது, மருந்து தேனில் தங்கும். செய்யக்கூடியது: ஈ மூடாத சட்டங்களை எடுத்துக் கூட்டத்தை நெருக்கி, பாகு கொடுத்து, ராணியைப் பத்துப் பதினைந்து நாள் கூண்டில் அடைத்து முட்டையை நிறுத்துவது. புழு இல்லாவிட்டால் வைரஸ் பெருக இடமில்லை. அந்தப் பெட்டியின் சட்டமோ கத்தியோ அடுத்த பெட்டிக்குப் போகக் கூடாது. நோய் வந்தும் தாங்கி நின்ற கூட்டத்திலிருந்துதான் அடுத்த ராணியை எடுக்க வேண்டும்.

தோப்புக்காரன்

நாளை மறுநாள் மழை இல்லை என்றால் முதல் பானையை எடுக்கிறேன். கடைசியாக ஒன்று: அடிப்பலகையில் தூள் தூளாக மெழுகு கிடக்கிறது, பானையிலும் அப்படித்தான். விட்டுவிடலாமா?

பதில் 8: அடைகாவலன்

விடக் கூடாது. அந்துப்பூச்சி முட்டையிட்டு, புழு முதலில் வளர்வது அந்தத் தூளில்தான். நம் ஈ அதைக் கூட்டிப் பெருக்காது. வாரம் ஒருமுறை புழு அறையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்து, அடிப்பலகையைச் சுரண்டித் தூளை அடுப்பில் போடுங்கள், தோப்பில் கொட்ட வேண்டாம். இரண்டு பானையையும் ஒரே நாளில் எடுக்காமல் பத்து நாள் இடைவெளி விடுங்கள். பானையிலிருந்து வரும் அடையில் நூலாம்படை மாதிரி சுரங்கம் தெரிந்தால் அந்தத் துண்டைச் சட்டத்தில் கட்டவே வேண்டாம். உடைத்த பானையின் மெழுகு ஒட்டிய ஓடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கொஞ்சம் மெழுகைச் சுரண்டி ஒரு காலிப் பெட்டிக்குள் தேய்த்துப் பலாமரக் கவட்டையில் கட்டி வைத்தால், தையில் பிரிந்து வரும் கூட்டம் ஏதாவது தானாகவே வந்து குடியேறலாம்.